பைனாகுலர் கொள்முதலில் 'உயர்ந்த தரம்' என்று எழுதினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனுஷ்கோடிக்குப் பூநாரைகள் வரும் பருவத்தில் மாணவர்களை அங்கே அழைத்துச் செல்வது என் நெடுநாள் வழக்கம். சென்ற முறை, ஓராண்டுக்கு முன் பள்ளிக்கு வாங்கிய பைனாகுலர்களை எடுத்துச் சென்றோம். ஒன்றில் ஒரு பறவை இரண்டாகத் தெரிந்தது. பார்த்த சிறுமி தலை வலிக்கிறது என்று உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு சிலவற்றில் லென்ஸின் உட்புறம் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது.

கொள்முதல் ஆணையில் '8 மடங்கு, 40 மி.மீ., உயர்ந்த தரம்' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. (8 என்பது உருப்பெருக்கம்; 40 மி.மீ. முகப்பு லென்ஸின் விட்டம்.) கேட்காததை விற்றவர் தரவில்லை என்று அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அத்தகைய பத்துப் பரப்புகளைக் கடந்து கண்ணுக்கு வந்து சேர்வது மூன்றில் இரண்டு பங்கு ஒளிதான். பறவைகள் இரை தேடும் விடியற்காலையில் இது சிறிய இழப்பன்று. ஆகவே எல்லாப் பரப்புகளிலும் எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு வேண்டும் என்றும், உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்காதிருக்க, நீர் புகாமல் அடைத்து நைட்ரஜன் நிரப்பியிருக்க வேண்டும் என்றும் ஆணையிலேயே எழுத வேண்டும். கீறலை மட்டும் தேடுவோர் உண்டு. மேற்பரப்புத் தரத்தை '60-40' என்று குறிக்கும்போது 60 கீறலுக்கான எண்; 40 என்பது 0.4 மி.மீ. வரை விட்டமுள்ள குழியை அனுமதிக்கிறது. அதனால் படம் பெரிதாகக் கெடுவதில்லை. வளைவில் நேரும் பிழையே படத்தைக் குலைக்கும். 1990இல் விண்ணில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் ஆடி மிக வழவழப்பாகத்தான் இருந்தது. சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் மாறியிருந்ததால் ஆடியின் வடிவமே பிழைத்தது. பிழையைக் காட்டிய வேறு சோதனைகளை ஒதுக்கிவிட்டு அந்த ஒரு கருவியையே நம்பினார்கள்.

பள்ளியிலேயே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. முகப்பு லென்ஸில் தெரியும் குழல்விளக்கின் பிம்பம் வெள்ளையாக இருந்தால் அங்கே பூச்சில்லை. கருவியை ஒரு சாண் தள்ளிப் பிடித்து வானத்தை நோக்கினால் கண்வில்லையில் 5 மி.மீ. அளவில் (40-ஐ 8ஆல் வகுத்தால் வருவது) முழு வட்டமாக ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தால், உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பட்டகமான பிரிசம் தரம் குறைந்தது. அதே நிலையில் தொடுவானத்தைப் பார்க்கும்போது இரு வட்டங்களிலும் அக்கோடு ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் குழல்கள் இணையாக இல்லை; ஒரு பறவை இரண்டாகத் தெரிவது இதனால்தான். நம் கரையில் அந்தக் கோட்டைக் கடலே வரைந்து வைத்திருக்கிறது.

இச்சோதனைகளில் தேறாதவற்றைத் திருப்பி அனுப்பிய பிறகே தொகை வழங்கப்படும் என்ற நிபந்தனையை அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்குமாறு கல்வித்துறையையும் வனத்துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.