லண்டன் கொலையும் வடக்குக் கிணறும்

திருநெல்வேலி டவுன்,
சித்திரை கடைசி வெள்ளி

அன்புள்ள பாட்டையாவுக்கு,

தை மாசம் நீர் போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டும், வாங்கிக்கொள்கிறேன். போனில் பேசலாமே என்று மதினி கேட்பார்கள். நமக்குப் போனில் பேச வராது வே. மழை உண்டா, மாத்திரை போட்டீரா என்பதோடு முடிந்துவிடும். இங்கே எல்லாரும் சௌக்கியம். முட்டி வலி அப்படியே இருக்கிறது. நம்ம ஒட்டகம் மூன்றாவது தடவையாக வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான், எதற்கென்று உமக்கே தெரியும்.

ஊருக்குக் கோயில் கொடைக்குப் போய்வந்தேன். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேராகச் சொல்ல வரவில்லை. சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளும்.

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். 11 வயசு. காதில் எதையோ மாட்டிக்கொண்டு படுத்திருந்தவன் திடீரென்று எழுந்து, “தாத்தா, ஜாக் த ரிப்பர் தெரியுமா?” என்றான். யாரிடம் கேட்கிறான் பார்த்தீரா! குறுக்குத்துறைப் படியில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து நாம் துப்புத் துலக்கிய கேஸ் அல்லவா அது. 1888 ஆகஸ்ட் 31-ல் ஆரம்பித்து நவம்பர் 9 வரை, சரியாகப் பத்து வாரம், லண்டன் ஒயிட்சேப்பல் வட்டாரத்தில் ஐந்து பெண்கள் கொலை, ஆள் சிக்கவே இல்லை. ட்ரூயிட் என்கிற வக்கீல்தான் ஆள் என்று மூன்று வருஷம் சாதித்தீர். உம்மிடம் இருந்த ஆதாரம் என்ன? டிசம்பர் கடைசியில் அவன் பிணம் தேம்ஸ் ஆற்றில் கிடைத்தது, அவ்வளவுதான். ஆற்றில் செத்தவனெல்லாம் கொலைகாரன் என்றால் தாமிரபரணியில் எத்தனை பேரைப் பிடிப்பீர் என்று நான் கேட்கப்போய், என் சோப்பைத் தூக்கி ஆற்றில் எறிந்தீர். அந்தச் சோப்பு இன்னும் பாக்கி.

பேரனிடம் புதுச் சேதி இருந்தது. 2014-ல் ஒருத்தர் பழைய சால்வை ஒன்றை மரபணுச் சோதனைக்குக் கொடுத்து, போலந்திலிருந்து பிழைக்க வந்த கொஸ்மின்ஸ்கி என்கிற முடிதிருத்துகிறவர்தான் கொலையாளி என்று அறிவித்தாராம். உம்ம வக்கீல் காலி என்று நான் துள்ளினேன். பொடியன் அடக்கிவிட்டான். அந்தச் சால்வை கொலை நடந்த இடத்தில்தான் கிடந்தது என்பதற்கே உருப்படியான சாட்சி இல்லையாம். நூறு வருஷத்துக்கு மேல் கண்டவர் கையெல்லாம் பட்ட துணி. ஆக, கேஸ் பழையபடி நம் கைக்கே வந்துவிட்டது, கவலைப்படாதேயும்.

விடுவேனா? நம் பக்கத்துச் சரக்கையும் எடுத்துக் கடை பரப்பினேன். 1944 நவம்பர் 8, சென்னை வேப்பேரி. சினிமாக்காரர்கள் வீட்டு விவகாரத்தை அச்சுப்போட்டு விற்ற லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் செத்தார். பாட்டுக்கார நடிகர் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் உள்ளே போனார்கள். ஜூரி குற்றவாளி என்றது, தீவாந்திரம் என்று தீர்ப்பு, ஐகோர்ட்டில் அப்பீலும் போச்சு. அதற்கும் மேல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னைக்கு வந்து, 1947 ஏப்ரலில்தான் விடுதலை. பாகவதர் ஜெயிலில் இருக்க, வெளியே பிராட்வே தியேட்டரில் ‘ஹரிதாஸ்’ மூன்று தீபாவளி கண்டது. அந்தக் கை தம்புரா பிடித்த கை, கத்தி பிடிக்காது என்பார் எங்க அப்பா. கலைவாணர் நாகர்கோவில்காரர் என்கிற ஒரே காரணத்துக்காக நிரபராதி என்பார் உம்ம தாத்தா. சாட்சியங்களைப் பாரும்! வெளியே வந்த பாகவதருக்குக் குரல் இருந்தது, பழைய கூட்டம்தான் இல்லை. சரி, அப்படியானால் குத்தியது யார்? அது இன்றைக்கு வரை அந்தரத்தில் நிற்கிறது.

கொலையுண்ட சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கேஸையும் சொன்னேன். எனக்கு அதில்தான் ருசி அதிகம். உடையார்குடிக் கோயில் சுவரில் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் போட்டு, துரோகிகள் என்று வெட்டி, சொந்தக்காரர் நிலத்தையெல்லாம் பறித்தாகிவிட்டது. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனாலும் சண்டை ஓயவில்லை. ஏவிவிட்டது யார்? இடையில் பதினைந்து வருஷம் ஆண்ட உத்தம சோழன் ஏன் சும்மா இருந்தான்? “நம்ம பாண்டிய ராஜா வீரபாண்டியன் தலையை வெட்டினவன்தானே, நமக்கென்ன அழுகை” என்று நீர் சொல்வதையும் உம்ம குரலிலேயே சொல்லிக் காட்டினேன். பயல் சிரித்தான்.

கொடைக்குத் தூத்துக்குடி பாசஞ்சரில் போனோம். மணியாச்சியில் வண்டி நின்றதும் பாடம் எடுக்காமல் இருக்க முடியுமா? 1911 ஜூன் 17. கலெக்டர் ஆஷ் துரையும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்து போட் மெயிலுக்குக் காத்திருக்கிறார்கள். வாஞ்சி ஏறிச் சுட்டார், ஓடிப்போய்க் கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டுக்கொண்டார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். கூட வந்த வேட்டிக்காரப் பையன் எங்கே போனான்? ஒட்டப்பிடாரம் மாடசாமி என்றார்கள். கடைசிவரை போலீஸ் கையில் சிக்கவில்லை. “எப்படித் தாத்தா சிக்காமப் போனான்?” என்றான் பேரன். எதிர் சீட்டில் முறுக்கு விற்கிறவர் உட்கார்ந்திருந்தார். “தம்பி, எம் பேரும் மாடசாமிதான், இந்தப் பெட்டியில கூப்பிட்டுப் பாரு, நாலு பேரு திரும்புவான்” என்றார். எனக்குத் தெரிந்து அந்த வழக்கில் இதைவிட நல்ல விளக்கம் யாரும் சொன்னதில்லை.

இனிமேல்தான் விஷயம்.

ராத்திரி வில்லுப்பாட்டு. முத்துப்பட்டன் கதை. தொண்டை கட்டியிருந்தாலும் அண்ணாவி விடவில்லை. மாடு களவாண்டவர்களை வெட்டிச் சாய்த்துவிட்டுப் பட்டன் ஆற்றில் இறங்க, ஒளிந்திருந்தவன் பின்னாலிருந்து குத்துகிற இடம் வந்ததும் பொம்பளைகள் ‘உச்’ கொட்டினார்கள். காரையாற்றில் பட்டவராயனுக்குச் செருப்புக் காணிக்கை போடுகிறார்களே, அவர்தான் இவர் என்று பேரனுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “குத்துனவன் பேரு என்ன?” எனக்குத் தெரியவில்லை. அப்புறம் கேட்டான்: “லண்டன்ல அந்த அஞ்சு பேருக்கும் பீடம் இருக்கா தாத்தா?”

பாட்டையா, ஐம்பது வருஷமாக அந்தக் கேஸைப் படிக்கிறேன். ஒருத்தர்கூட இப்படிக் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் பேர் கேட்டால் சொல்வேன். கொலைகாரன் பேரில் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்றாலும் சொல்வேன். ஐந்து பெண்களின் பேரை வரிசையாகச் சொல்லப் பார்த்தேன், மூன்றோடு நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் வடக்குக் கிணற்றுப் பக்கம் போனேன். 1967-க்குப் பிறகு நான் அந்த வரப்பில் கால் வைத்ததில்லை. நீரும் வைத்திருக்க மாட்டீர். கிணறு தூர்ந்து, உள்ளே உடைமரம் வளர்ந்து கிடக்கிறது. பீடம் மட்டும் புதுச் சுண்ணாம்போடு நிற்கிறது. கீழவீட்டு அக்கா போய் இரண்டு வருஷத்தில், அந்த வீட்டில் பிள்ளை தங்காமல், மாடு செத்து, குறி கேட்டு, அவளைத் தெய்வமாக்கி நிலையம் போட்டார்களே, அதே பீடம்தான். தண்ணீர் எடுக்கப்போய்க் கால் வழுக்கினாள் என்று எழுதி அன்றைக்கே மூடிவிட்டார்கள். குடம் வீட்டிலேயே இருந்தது என்று எங்க அம்மா அடுப்படியில் யாரிடமோ முணுமுணுத்தது இப்போதும் காதில் இருக்கிறது. வாழ வந்தவள், கேட்க நாதி இல்லை.

கீழவீட்டு அண்ணாச்சி அங்கே இருந்தார். 85-க்கு மேல் இருக்கும். கை நடுங்குகிறது. மகன்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, அவரே சிவப்புச் சேலையைக் கொசுவம் வைத்துப் பீடத்துக்குக் கட்டினார். கருவளையல், பூ, ஒரு சின்னக் கண்ணாடி. பொங்கல் பானை பொங்கி வழிகிறவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் என்னை அடையாளம் கண்டுகொண்டு நெற்றியில் திருநீறு பூசிவிட்டார்.

“அவதான் ஒங்க ரெண்டு பேருக்கும் நீச்சல் சொல்லிக் குடுத்தா. ஞாவகம் இருக்கா?”

சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்தவள். நம் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிவிட்டு, மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, “காலை ஒதைலே, காலை ஒதை” என்று கத்துவாள். அவர் வாயாலேயே இதைச் சொல்கிறார். நான் என்ன சொல்ல? “இருக்கு அண்ணாச்சி” என்றேன். இலையில் வைத்துக் கொடுத்த பொங்கலைத் தின்றேன். நின்றுகொண்டே தின்றேன். இனித்தது வே, அதுதான் இன்னும் ஒருமாதிரி இருக்கிறது.

திரும்பும்போதுதான் உம்ம பழைய வீட்டைப் பார்த்தேன். வாங்கினவர்கள் முன்பக்கம் மாற்றிவிட்டார்கள். மச்சு அப்படியே இருக்கிறது. நீர் படுக்கிற அந்த மச்சு ஜன்னல் நேராக வடக்குக் கிணற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இது எனக்கு எப்போதும் தெரியும். அந்த வாரம் உமக்குக் காய்ச்சல், ஒன்பது நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பதும் தெரியும். ட்ரூயிட்டைப் பற்றி உம்மிடம் ஆயிரம் கேள்வி கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை.

எழுதுவதாக இருந்தால் எழுதும். இல்லாவிட்டால் சோப்பை மட்டும் அனுப்பும்.

மதினிக்கு என் வணக்கம். கருப்பட்டி இரண்டு சிப்பம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உம்ம,
நெட்டை