கரும்புகை எரியாத டீசல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் கேள்வி-பதிலில், ‘லாரி கக்கும் கரும்புகை என்பது எரியாமல் வெளியேறும் டீசல்தான்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நாமக்கல்லில் டீசல் பம்ப் வேலை, அதாவது லாரி இன்ஜினுக்கு டீசலை அளந்து அனுப்பும் பம்பைப் பழுதுபார்க்கும் வேலை, பார்த்தே தலை நரைத்தவன் நான். எரியாத டீசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? விடியற்காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் வெள்ளையாக வந்து கண்ணைக் கரிக்குமே, அதுதான்.

கரும்புகை நெருப்புக்குள்ளேயே புதிதாக உண்டாவது. இன்ஜினுக்குள் நாசில் என்னும் சின்ன முனை பீய்ச்சும் டீசலின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரும், காற்று போதிய அளவு சேராது. அங்கே டீசல் மூலக்கூறுகள் உடைந்து அசிட்டிலீன் போன்ற சின்னத் துண்டுகளாகும். அவை கூடி ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட பென்சீன் வளையம், வளையத்தோடு வளையம், கடைசியில் சில பத்து நானோமீட்டர் அளவில் கரித்துகள். இதில் பெரும்பகுதி, பிறகு காற்று கிடைத்ததும் அங்கேயே எரிந்துபோகும். தப்பியதுதான் சைலன்சர் வழியே வருகிறது. மெழுகுவத்திச் சுடர் மஞ்சளாக ஒளிர்வதும் இந்தத் துகள்கள் சூட்டில் தகதகப்பதால்தான் என்று விஞ்ஞானி ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் சமயத்திலேயே லண்டனில் சிறுவர்களுக்கு விளக்கிவிட்டார். உங்கள் வாசகர்களுக்கு மட்டும் ஒரு வரி போதுமாக்கும்.

இது முதல் முறையும் இல்லை. பாத்திரத்தில் கரி பிடித்தால் கேஸில் கலப்படம் என்று முன்பு எழுதினீர்கள். பர்னர் அடைத்துக் காற்று குறைந்தால் நல்ல கேஸும் மஞ்சளாக எரிந்து கரி பிடிக்கும் என்று கடிதம் போட்டேன். வெளியிட இடமில்லை போலும். ராசிபலனுக்கு இருந்தது.

எரியாத டீசல் என்று படித்த லாரிக்காரர் பங்க்காரரிடம் சண்டைக்குப் போவார். ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க மாட்டார். அப்புறம் என்னிடம் வந்து, “மேட்டுல இழுக்கலண்ணே, பம்புல டீசலக் கூட்டி வைங்க” என்பார். டீசலைக் கூட்டினால் காற்றும் கூடுமா? மறுத்தால் அடுத்த பட்டறையில் கூட்டிக்கொள்கிறார். அந்த வண்டிக்கும் புகைச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. எப்படி என்று பத்திரிகைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. அதற்கு நடுவில் நின்றுதான் நாங்கள் டீ குடிக்கிறோம்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
டீசல் பம்ப் மெக்கானிக் ஒருவர்,
நாமக்கல்