மழை பெய்யும்போதே புகையைப் பற்றிப் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கிள்ளானில் ஒரு வாரமாக நல்ல மழை. வானம் கழுவிவிட்டது போல இருக்கிறது, காற்று மாசைக் காட்டும் குறியீடான ஐபியு எத்தனை என்று யாரும் கேட்பதில்லை, உங்கள் பத்திரிகையிலும் புகைமூட்டம் என்ற சொல்லைப் பார்த்து மாதக்கணக்கு ஆகிறது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஆகஸ்டில், இந்தோனேசியத் தீயின் புகை வந்த பிறகு எழுதினால் எழுபது கடிதத்தோடு இதுவும் ஒன்றாகப் போய்விடும்.

2005 ஆகஸ்டில் ஐபியு 500-ஐத் தாண்டி, போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். எதிர்வீட்டு கேட்கூடத் தெரியாது. சின்ன மகளுக்கு இழுப்பு, மூன்று இரவு அவளை மடியில் சாய்த்து உட்காரவைத்தே தூங்கவைத்தோம். 2013-இல் மூவாரில் 746 வரை போனது. 2015-இலும் 2019-இலும் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். ஒவ்வொரு தடவையும் முகக்கவரி, செயற்கை மழை, ஜகார்த்தாவுக்குக் கடிதம், அப்புறம் நிஜ மழை, அப்புறம் மறதி.

2015-இல் இந்தோனேசியத் துணை அதிபராக இருந்த யூசோப் கல்லா, வருடத்தில் பதினொரு மாதம் எங்கள் காட்டால் நல்ல காற்றை அனுபவிக்கிறீர்கள், அதற்கு ஒரு நன்றி உண்டா, ஒரு மாதம் புகை வந்தால் மட்டும் கோபப்படுகிறீர்களே என்ற பொருளில் பேசினார். எனக்கும் ஆத்திரம் வந்தது. ஆனால் அந்தப் பதினொரு மாதத்தில் நாம் வாயைத் திறப்பதில்லை என்பதும் உண்மைதானே.

புகையை நிறுத்தும் வேலையை அந்த மாதங்களில்தான் செய்ய முடியும். சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிவது மரம் மட்டுமில்லை, மண்ணே எரிகிறது. இலையும் வேரும் பல்லாயிரம் வருடம் தண்ணீருக்குள் ஊறிப் படிந்த மண், மலாயில் தானா காம்புட் என்பார்கள். அதில் செம்பனையோ காகிதக்கூழ் மரமோ நட வேண்டுமானால் முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும், வடித்துவிட்டால் அது காய்ந்த விறகுதான். அதன் மேல் காட்டை வெட்டிப்போட்டுத் தீ வைத்தால் நெருப்பு கீழே இறங்கி வாரக்கணக்கில் புகையும், மேலே தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. அதிபர் சுஹார்த்தோ காலத்தில் மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பில் நெல் விளைவிக்கிறேன் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நெல் விளையவில்லை, வாய்க்கால்தான் மிச்சம். 1997-இல் அந்த நிலம் எப்படி எரிந்தது என்று சரவாக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த ஊர் ஜனங்கள் படும் பாடு நம்முடையதைவிட மோசம், 2015-இல் பாலங்கராயாவில் குறியீடு 2000-ஐத் தாண்டியது. நமக்கு 300 வந்தாலே ஆபத்து என்கிறார்கள்.

இப்போது அங்கே ஒரு விதி இருக்கிறது, தோட்டம் போட்ட சதுப்பில் நிலத்தடி நீர் மண்மட்டத்திலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. வாய்க்கால்களை அடைத்துத் தண்ணீரைத் தேக்க வேண்டியது இந்த மழையில்தான். அடைத்தார்களா, அளந்தார்களா என்று இங்கே எந்தப் பத்திரிகையாவது கேட்டதா?

எரிக்காமல் தோட்டம் போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் முப்பது வருடம் தோட்டக் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவன். மறுநடவு என்றால் எரிப்பதுதான் என்றிருந்தது ஒரு காலம். பிறகு கிழட்டு மரங்களை மெஷினால் சாய்த்து, சீவித் துண்டாக்கி, வரிசைக்கு நடுவே போட்டு மக்கவிட்டோம், எருவும் ஆயிற்று. காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும், அந்தத் தொல்லையும் உண்டு, செலவும் கூடுதல்தான். இரண்டு ஹெக்டேர் வைத்திருக்கும் குடியானவன் மெஷினுக்கு எங்கே போவான் என்பது நியாயமான கேள்வி. ஆயிரக்கணக்கான ஹெக்டேர் வைத்திருக்கும் கம்பெனி அதே சாக்கைச் சொன்னால்?

அந்தக் கம்பெனிகள் எல்லாம் இந்தோனேசியர்களுடையதும் இல்லை. 2019-இல் தீ எரிந்ததற்காக இந்தோனேசிய அரசு சீல் வைத்த தோட்டங்களில் மலேசிய, சிங்கப்பூர்க் கம்பெனிகளின் கிளைகளும் இருந்தன. சிங்கப்பூர் 2014-இலேயே சட்டம் போட்டுவிட்டது, வெளிநாட்டில் எரித்தாலும் நாளைக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம். நாமும் போடுவோம் என்று 2019-இல் பேச்சு எழுந்து அடங்கிவிட்டது. புகைமூட்டம் பற்றிய ஆசியான் ஒப்பந்தம் 2002-இல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது, இந்தோனேசியா அதை ஏற்கவே 2014 ஆயிற்று, அதிலும் எரித்தவனைத் தண்டிக்க ஒன்றும் இல்லை.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் கிள்ளானுக்குப் பக்கத்திலேயே ஜொஹான் செத்தியாவில் இதே காம்புட் மண் எரிகிறது. அந்தப் புகை கடல் தாண்டி வரவில்லை, ஜகார்த்தாவுக்குக் கடிதம் எழுதியும் பயனில்லை.

ஆகவே ஆசிரியரே, சுமத்ராவின் ரியாவிலும் ஜம்பியிலும் நம் பங்குச்சந்தையில் இருக்கும் எந்தெந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது, அங்கே எத்தனை வாய்க்கால் அடைத்தாயிற்று என்று இந்த மாதமே ஒரு பக்கம் போடுங்கள். ஜொஹான் செத்தியாவுக்கு நிருபரை அனுப்புவதானால் சொல்லுங்கள், வழி காட்ட நானே வருகிறேன். மழை விடுவதற்குள் வந்தால் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்றும் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
கிள்ளான்.