வலி நின்றுவிட்டது என்று விட்டுவிடாதே

கண்ணு,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பா தோட்டத்தில் மாங்காய் இறக்கியாயிற்று, விலைதான் இல்லை. சரி, அதெல்லாம் இருக்கட்டும்.

நேற்று வீடியோ காலில் முகத்தை ஒரு பக்கமாகவே திருப்பி வைத்துக்கொண்டு பேசினாய். இடது தாடை வீங்கியிருந்ததை நான் பார்த்துவிட்டேன். கேட்டால், "வலி போயிடுச்சும்மா" என்று வைத்துவிட்டாய். அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. இங்கே பல் டாக்டரம்மாவிடம் கேட்டேன். சொத்தை ஆழமாகப் போய் உள்நரம்பு செத்துவிட்டால் வலி நின்றுவிடுமாம். வேர் நுனியில் சீழ் மட்டும் கட்டிக்கொண்டே இருக்குமாம். மாத்திரை போட்டால் வீக்கம் அடங்கும், சொத்தை அப்படியேதான் இருக்கும்.

அதற்கு ரூட் கேனால் செய்ய வேண்டும் என்று சொன்னால் பயந்துவிடாதே. ஊசி போட்டு மரத்துப்போக வைத்துவிடுவார்கள். பல்லின் மேலே சின்னதாகத் திறந்து, கெட்ட நரம்பை வேர்வரை சுரண்டிக் கழுவி, ரப்பர் மாதிரி ஒன்றை வைத்து அடைப்பார்கள். கடைவாய்ப் பல்லுக்கு வேர் அதிகம், இரண்டு மூன்று தடவை வரச் சொன்னாலும் சொல்வார்கள். பாதியில் விட்டுவிடாதே. முடிந்ததும் பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் போட்டுக்கொள், இல்லாவிட்டால் முறுக்கு கடித்தால்கூடப் பிளந்துவிடும்.

டாக்டர் முன்னால் வாயைத் திறக்கக் கூச்சமா? உன் பல்லில் இருக்கும் கறை நீ பல் தேய்க்காமல் வந்ததில்லை. நீ சின்னவளாக இருந்தபோது நாம் குடித்தது போர்வெல் தண்ணீர், அதில் அவ்வளவு ஃப்ளூரைடு. பல் உள்ளே உருவாகும்போதே கறை பிடிக்க வைக்கிற உப்பு அது. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தபோது உனக்குப் பால்பல் எல்லாம் விழுந்து புதுப்பல் முளைத்திருந்தது. தம்பிக்கு அவ்வளவு கறை இல்லை, பார்த்தாயல்லவா? அந்தப் பல்லோடுதான் நம் தெருவில் முதல் ஆளாக இன்ஜினியரிங் முடித்தாய். யார் முன்னாலும் நீ வாயைப் பொத்திக்கொள்ள வேண்டாம்.

தம்பி ஃபீஸுக்கு இந்த மாதம் அனுப்பாதே. சீட்டு எடுத்திருக்கிறேன். உன் கணக்கிலும் கொஞ்சம் போட்டிருக்கிறேன், அது பல்லுக்கு மட்டும். சம்பளம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. ஆபீஸ் பேச்சை எடுத்தாலே நீதான் பேச்சை மாற்றுகிறாய். பெற்றவளிடம் கூடவா? வேண்டாம், அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இல்லையென்றால் சனிக்கிழமைக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கி வை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நான் ஓசூர் பஸ் ஏறுகிறேன். வர வேண்டாம் என்று போன் போடாதே.

அம்மா