கோடை மழைக் காலம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

கோத்தகிரி வட்டம்
மார்ச் 10

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

உறைபனி முடிந்தது, பங்குனி வரப்போகிறது, இனி ஸ்வெட்டருக்கு வேலையில்லை என்று சில வீடுகளில் கம்பளியெல்லாம் பெட்டிக்குள் போயிருக்கும். தயவுசெய்து திரும்ப வெளியே எடுங்கள். மார்ச் முதல் மே வரை நம் பக்கம் ஒரே பள்ளி நாளுக்குள் குளிர், வெயில், மழை மூன்றும் வரும். காலையில் வானத்தைப் பார்த்து உடுத்தி அனுப்பினால் பாதி நாளுக்குத்தான் சரியாக இருக்கும்.

நாம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். முற்பகல் வெயிலில் மலைச்சரிவு சூடாகிறது. கீழே சமவெளியிலுள்ள மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து ஈரக்காற்று சரிவைப் பிடித்து ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து மேகமாகிறது. பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு மேல் இடியோடு கொட்டுகிறது. பள்ளி விடும் நேரமும் ஏறக்குறைய அதுதான். ஆகவே காலையில் பளிச்சென்று வெயில் அடித்தால் அன்று மழை இல்லை என்று எண்ண வேண்டாம். பல நாள் சாயங்கால இடிக்கு அந்த வெயில்தான் முதல். செல்போனில் வானிலை பார்ப்பவர்கள் எந்த ஊரைக் காட்டுகிறது என்று கவனியுங்கள். மேட்டுப்பாளையம் என்று இருந்தால் வெப்பநிலை நம்மைவிட 9, 10 டிகிரி கூடுதலாகத் தெரியும்.

உடை. தடித்த ஜெர்கின் ஒன்றைவிட, உள்ளே பருத்தி பனியன், மேலே சீருடைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் என்று மூன்றாக இருப்பதே நல்லது. “கழற்றினால் சளி பிடிக்கும்” என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்பாதீர்கள். 11 மணி வெயிலில் ஸ்வெட்டரோடு ஓடி விளையாடும் பிள்ளைக்கு உள்ளே பனியன் வியர்வையில் நனைந்துவிடும். மூன்று மணிக்குக் காற்று மாறும்போது அந்த ஈரம்தான் உடம்பை நடுக்குகிறது. முதல் இடைவேளையில் கழற்றவும், கடைசிப் பாடவேளைக்கு முன் போடவும் வகுப்பிலேயே சொல்லப்போகிறோம். அதற்கு உங்களிடம் ஒரு உதவி: ஸ்வெட்டரின் கழுத்துப் பட்டைக்கு உள்ளே வெள்ளை நூலால் பெயரும் வகுப்பும் தைத்துவிடுங்கள். பேனாவில் எழுதினால் இரண்டு துவைப்பில் போய்விடும். இருபது நீல ஸ்வெட்டரில் யாருடையது எது என்று கண்டுபிடிப்பது கணக்குப் பாடத்தைவிடக் கடினம்.

குடையைவிட ரெயின்கோட் மேல். காற்றில் குடை மடங்கிக்கொள்ளும். வளைவில் வரும் வண்டியையும் மறைக்கும். பையை முதுகில் போட்டபடியே மேலே மாட்டக்கூடிய அளவில் வாங்குங்கள், ஆனால் கணுக்காலைத் தொட்டால் படியில் தடுக்கும். மஞ்சள், ஆரஞ்சு நிறமாக இருக்கட்டும். பச்சையும் சாம்பலும் மூடுபனியில் பத்தடி தூரத்தில்கூடக் கரைந்துவிடும். பைக்குள் ஒரு ஜோடி உலர்ந்த காலுறை எப்போதும் இருக்க வேண்டும். அதைச் சுற்றப் பிளாஸ்டிக் பை வேண்டாம், நம் மாவட்டத்தில் அதற்குத் தடை. மூடியுள்ள பழைய டிபன் டப்பா போதும்.

நனைந்த ஷூவை அடுப்பருகே வைத்தால் பசை விட்டுப்போகும். செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றினால் காலைக்குள் பெருமளவு காய்ந்துவிடும். ஸ்வெட்டரை உலர்ந்த துண்டில் சுருட்டி மிதித்துவிட்டுக் காயப்போடுங்கள்.

இனி இடி. மின்னல் தெரிந்து சத்தம் வர மூன்று வினாடி ஆனால், அது ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது வினாடிக்குள் சத்தம் வந்தால் வெளியே இருக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை பிள்ளைகளை வெளியே விடமாட்டோம், நேரம் ஐந்தைத் தாண்டினாலும் சரி. வாசலில் ஜீப்பை நிறுத்தி ஹாரன் அடிக்க வேண்டாம். வழியில் மாட்டிக்கொண்டால், தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. சுற்றுவட்டத்தில் உயரமானது அதுதான். திறந்த பஸ் ஸ்டாப் மழைக்கு ஆகும், மின்னலுக்கு ஆகாது. அருகிலுள்ள கட்டட வீடு, அல்லது கண்ணாடி ஏற்றிய பஸ், ஜீப். இதை வீட்டிலும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.

ஆலங்கட்டி விழுந்தால் பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு கூரைக்குள் போக வேண்டும். பிள்ளைகள் பொறுக்கி வாயில் போடத்தான் ஓடுவார்கள்! நின்ற பிறகும் கட்டிகள் கரையும்வரை ரோட்டில் கோலிகுண்டு மேல் நடப்பதுபோல வழுக்கும்.

ஓடையைக் கடந்து வரும் குடும்பங்கள் கவனிக்க: இங்கே தூறல்கூட இல்லாதபோதும் மேல்சரிவில் பெய்த மழை கீழே வந்துசேரும். தண்ணீர் செம்மண் நிறமாகிவிட்டாலோ, மிதிக்கும் கல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலோ கடக்கக் கூடாது. பிள்ளையைப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள். மூடுபனி இறங்கிய பாதையில் தனியாக யாரும் போக வேண்டாம். காட்டு மாடு வழியில் நின்றால் கல்லெறியாமல், விசிலடிக்காமல் அது போகும்வரை காத்திருக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் இந்த உயரத்தில் வெயில் சுடுவது தெரிவதில்லை, தாகமும் எடுப்பதில்லை. தொப்பியும் ஒரு லிட்டர் தண்ணீரும் கொடுத்தனுப்புங்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் எங்களுக்குக் கவலை தருவது கரி அடுப்பு. மழை பெய்த இரவில் குளிருக்கென்று அதை அறைக்குள் வைத்துக் கதவையும் ஜன்னலையும் சாத்தித் தூங்கக் கூடாது. புகையில்லாத கனல்தானே என்று தோன்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். வீட்டில் ஒருவருக்கு மேல் தலைவலி, குமட்டலோடு எழுந்தால் உடனே வெளியே வந்து 108-ஐ அழையுங்கள்.

மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் வகுப்புக் குழுவில் செய்தி வரும். மரம் விழுந்து பாதை அடைபட்டால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சாயங்காலம் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய இரண்டு பேரின் பெயரும், தோட்டத்தில் வேலையாக இருக்கும்போதும் எடுக்கக்கூடிய செல்போன் எண்ணும் கீழேயுள்ள துண்டுச் சீட்டில் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்