தொண்டிக் கரையில் இரண்டு மீன் பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல்சார் பொருளாதாரத்தில் உற்பத்தித்திறனைப் பெருக்குவது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துறைமுகம், ஏற்றுமதி என்று பெரிய கணக்குகளோடு அது முடிந்துவிட்டது. காரைக்குடியில் 26 ஆண்டுகளாக மெஸ் நடத்துகிறேன். தொண்டிக் கரையில் நான் காண்பதையும் எழுதத் தோன்றியது.

வாரம் இரண்டு நாள் விடியுமுன் தேவகோட்டை, திருவாடானை வழியாகத் தொண்டிக்கு மீன் வாங்கப் போகிறேன். சென்ற மாதம் ஏலத்தில் அருகருகே இரண்டு பெட்டி பாறை மீன் இருந்தது. இரண்டும் ஒரே இரவில் பிடித்தவை. முதல் பெட்டிக்காரர் படகிலேயே குளிர் தாங்கும் பெட்டி வைத்து, ஐஸும் மீனுமாக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். கண் தெளிவாக, செவுள் இரத்தச் சிவப்பாக இருந்தது. அடுத்த பெட்டியில் செவுள் பழுப்பேறிவிட்டது. விரலால் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. முதல் பெட்டிக்குக் கிடைத்ததில் பாதி விலைகூட அதற்குக் கிடைக்கவில்லை. டீசல் செலவு இருவருக்கும் ஒன்றுதானே!

உற்பத்தித்திறன் என்றால் எனக்கு அந்த முதல் பெட்டிதான் நினைவுக்கு வருகிறது. இழுவை மடி (டிராலர் வலை) அரித்தெடுத்த பாக் விரிகுடாவில் இன்னும் அதிகம் பிடிப்பதற்கு இடமில்லை. பிடித்ததன் மதிப்பைக் காப்பாற்றுகிறவர் கையில்தான் நாலு காசு மிஞ்சும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தையும், 2018 நவம்பரில் வந்த கஜா போன்ற புயலையும் தாங்க அந்தக் காசுதான் உதவும்.

கடற்பாசி வளர்ப்பையும் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் பெண்கள் 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பத்தில் கப்பாபைகஸ் என்ற பாசியைக் கட்டி, 45 நாளில் அறுக்கிறார்கள். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதும் வீட்டுக்கு வருமானம் உண்டு. ஆனால் 2013-க்குப் பின் கடல் சூடேறிப் பாசி அழிந்து, விளைச்சல் சரிந்தது. ஒரே விதைப்பாசியைத் திரும்பத் திரும்ப வெட்டிக் கட்டியதில் அதன் வீரியமும் குறைந்துபோயிருந்தது. மண்டபத்தில் கிளை வைத்துள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் திசு வளர்ப்பில் புதிய விதைப்பாசியை உருவாக்கியிருப்பது நல்ல செய்தி. (குருசடைத் தீவில் இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்ததை மறக்கக் கூடாது, எங்கே வளர்ப்பது என்பதில் கண்டிப்பு வேண்டும்.) பாசி மட்டுமல்ல, மீனையும் வளர்க்கலாம்: அதே மண்டபத்தில் 2010-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கடல் விறால் (கோபியா) மீனை முட்டையிட வைத்துக் குஞ்சு பொரித்தார்கள்.

எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) உலோகம் துருப்பிடிப்பதையும் ஆராய்கிறது. உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டுகளைத் தொண்டியில் எந்தப் படகிலும் பார்க்கலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையோ தொண்டியிலேயே இருக்கிறது. இவர்களும் மண்டபத்து ஆராய்ச்சியாளர்களும் மாதம் ஒருநாள் ஏலக்கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, மீனவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். கூட்டுறவு வங்கிக்காரரும் உடன் இருந்தால் நல்லது.

அன்று இரண்டாம் பெட்டிக்காரர் என்னிடம், "அந்த மாதிரிப் பெட்டி எங்கே கிடைக்கும், அண்ணே?" என்று கேட்டார். கடையைச் சொன்னேன். "தவணையில் கொடுப்பார்களா?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மெஸ் உரிமையாளர் ஒருவர்,
காரைக்குடி