நாய்க்குப் போய் வளையல வச்சியானு கேட்டவங்களுக்காக தலை குனியாத தம்பி

தம்பி,

நேத்து போன்ல நீ சரியாவே பேசல. புஜ்ஜி சாப்பிட்டாளானு கேட்டா ம்ங்கிற, அப்புறம் மெதுவா "பெரியப்பா வந்திருந்தாங்கக்கா, ஒரு நாய்க்குப் போய் அம்மா வளையல அடகு வைப்பியாடானு கேட்டாங்க"னு சொல்லிட்டு போன வச்சிட்ட. எனக்கு அதுலேர்ந்து மனசே ஆறல. உனக்குத் தனியா எழுதாம எல்லாரும் பாக்குற மாதிரி எழுதுறேன், ஏன்னா இந்தப் பேச்ச கேட்டுட்டு பதில் சொல்ல முடியாம நிக்கிறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர் இருக்காங்க.

நீ பண்ணது சரிதான்டா.

புஜ்ஜிக்கு வந்தது பயோமெட்ரா, கர்ப்பப்பைல சீழ் கட்டுறது. கருத்தடை பண்ணாத பொட்ட நாய்க்கு ஹீட், அதான் இணை சேர்ற பருவம், முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல வரலாம். கர்ப்பப்பை வாய் தொறந்திருந்தா சீழ் வெளிய வடியும், பாத்தா தெரிஞ்சிரும். புஜ்ஜிக்கு மூடியே இருந்துச்சு, வெளிய ஒரு சொட்டு வரல, தண்ணிய மட்டும் குடிச்சிக்கிட்டே இருந்தா, இந்த வெயில்ல அத யாரு நோய்னு நெனைப்பா? ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் கர்ப்பப்பைய ட்ரேல வச்சு காட்டினாரே, விரல் தடிமன் கூட இருக்க வேண்டியதில்ல, அது ரெண்டு பக்கமும் மொந்தன் பழம் மாதிரி பொடைச்சு நின்னுச்சு. அது உள்ளயே வெடிச்சிருந்தா வயிறு பூரா சீழ் பரவி அவ போயிருப்பா. நாளைக்கு பாக்கலாம், நாலு பேர்கிட்ட கேக்கலாம்னு சொல்ற வியாதி இல்ல அது.

அபூர்வமா வர்றதும் இல்ல. ஸ்வீடன்ல நாய்ங்களுக்கு கருத்தடை பண்றது ரொம்ப கம்மி, ஆனா பெரும்பாலான நாய்க்கு இன்சூரன்ஸ் இருக்கும், அந்தப் பதிவுகள வச்சு பாத்ததுல கருத்தடை பண்ணாத பொட்ட நாய்ங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்கு 10 வயசுக்குள்ள இது வந்துருக்கு. அங்க இன்சூரன்ஸ் கைகொடுக்குது, இங்க அம்மா வளையல் கைகொடுத்துச்சு, அவ்வளவுதான்.

அந்தக் காசுல நாலு நல்ல ஜாதி நாய் வாங்கலாமேனு சித்தப்பா சொன்னாராம். அம்மாவுக்கு காது மந்தமானதுலேர்ந்து கேஸ்காரர் வந்தா, கொரியர் வந்தா, புஜ்ஜி உள்ள ஓடி அம்மா முந்தானைய கவ்வி இழுத்துத்தான் சொல்றா. அத எந்தக் கடையில வாங்குறது? வளையல கழட்டிக் குடுத்தது அம்மாவே தான, நீ கேக்கவே இல்லயே.

சென்னை வேப்பேரில இருக்கற கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா கம்மியா முடிஞ்சிருக்கும்னு ஒருத்தர் சொன்னாராமே, அது உண்மைதான். 1903ல ஆரம்பிச்ச காலேஜ் அது, அந்த ஆஸ்பத்திரில எத்தனையோ ஏழை வீட்டு நாய் பொழைச்சிருக்கு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருக்கறவங்களுக்கும் அங்கங்க கால்நடை காலேஜ் இருக்கு, காசு இல்லனா தயங்காம போகணும். ஆனா அன்னிக்கு ராத்திரி மதுராந்தகத்துலேர்ந்து, நிக்கக்கூட முடியாத நாய ஏத்திக்கிட்டு எந்த வண்டி வரும்? கிட்ட இருந்த டாக்டர்கிட்ட போன, அவரும் உடனே டிரிப்ஸ் ஏத்தி விடியறதுக்குள்ள ஆபரேஷன முடிச்சிட்டாரு. 46 ஆயிரம் பில்லுல ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், மூணு நாள் பெட்டுனு எல்லாம் தனித்தனியா எழுதிக் குடுத்திருக்காரு, நான் பாத்தேன், அதுல ஏமாத்து எதுவும் இல்ல. பாக்கிய ரெண்டு தவணையா தரட்டுமானு நீ வாய்விட்டு கேட்டியே, அதுக்கே உன்ன பாராட்டணும், நெறைய பேர் வெக்கப்பட்டுக்கிட்டு கேக்காமலே நாயத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிடுறாங்க.

இப்ப கடன பாப்போம். அவசரத்துல வளையல அடகுக் கடையில நூத்துக்கு ரெண்டரை வட்டிக்கு வச்சிருக்க, 30 ஆயிரத்துக்கு மாசம் 750 வட்டிக்கே போயிரும், அசல் அப்படியே நிக்கும். பேங்க் நகைக்கடன்னா நூத்துக்கு ஒரு ரூபாய்க்குள்ள முடியும், மாசம் 300 கூட வராது. கடையில இருக்கற நகைய பேங்க் எடுத்துக்காது, மொதல்ல மீட்கணும், அதுக்கு நான் 30 ஆயிரம் அனுப்புறேன், சீட்டு எடுத்த பணம் சும்மாதான் கெடக்கு. நீ வளையல மீட்டு அன்னிக்கே பேங்க்ல வை, அவங்க குடுக்குறத எனக்கு திருப்பி விடு, கொறைஞ்சா பொறுமையா குடு. அப்பப்ப கையில இருக்கற ஆயிரம் ரெண்டாயிரத்த அசல்ல கட்டிக்கிட்டே வா, கட்டலாமானு நகை வைக்கும்போதே கேட்டுக்கோ.

இனிமே மாத்திரைய வெளி மெடிக்கல்ல வாங்கிக்கலாமானு டாக்டர்கிட்டயே கேளு, அதுல பாதி, மனுஷங்களுக்கும் குடுக்குற மருந்துதான். தையல் பிரிக்கிற வரைக்கும், அத நக்காம இருக்க கழுத்துல மாட்டிருக்கற அந்த கோன கழட்டாத, அவ மூஞ்சிய பாத்து அம்மா எரக்கப்பட்டு கழட்டிருவாங்க, தையல் பிரிஞ்சா மறுபடியும் செலவு. முன்னங்கால்ல ஊசி போட சிரைச்ச எடத்த நக்கிக்கிட்டே இருக்காளாமே, முடி மொளைச்சிரும், பயப்படாத.

அப்புறம் அத்தை வீட்ல வளருதே புஜ்ஜியோட குட்டி, அதுக்கும் ஹீட் வந்தாச்சு. உடம்பு நல்லா இருக்கும்போதே கருத்தடை பண்ணா இந்த பில்லுல சின்ன பங்குதான் ஆகும், இந்த வியாதி பயமும் போயிரும். அத்தைகிட்ட சொல்லிட்டேன், ஹீட் முடிஞ்சு எப்ப பண்றதுனு உன் டாக்டர்கிட்ட நீ கேட்டுச் சொல்லு.

பணம் நாளைக்கு காலைல வரும். பெரியப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பேசிக்கிறேன்.

அக்கா